இரண்டு ரூபாய் கண்டன்சர்

போன ஐப்பசியில் ஒரு நாள், ராத்திரி எட்டே முக்கால் மணி இருக்கும். மொட்டை மாடியில் காய்ந்த துணியை மழை வருவதற்குள் எடுத்து வரலாம் என்று என் மனைவி படியேறினாள். படிக்கட்டு விளக்கு இரண்டு நாளாகவே கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. "ஏங்க, அந்த பல்பை மாத்துங்களேன்" என்று இரண்டு தடவை சொல்லியிருந்தாள். "நாளைக்கு" என்று நானும் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். அவள் கை நிறையத் துணியோடு இறங்கும்போது விளக்கு அணைந்தது, எரிந்தது, மறுபடி அணைந்தது. இன்னும் இரண்டு படி பாக்கி இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு. அந்த ஆறு வாரமும் ரசம் என்ற பெயரில் நான் வைத்ததை அவள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். அந்தப் பொறுமைக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்? குறைந்தபட்சம் அந்த பல்ப் ஏன் போனது என்றாவது கண்டுபிடிக்கலாம் என்று தோன்றியது.

முதல் குற்றவாளி நான்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவது குற்றவாளி ஒருவன் இருக்கிறான். இந்தப் பதிவு அவனைப் பற்றியது.

அரசாங்க குமாஸ்தாவாக 36 வருடம் இருந்தவனுக்கு சில பழக்கங்கள் போகாது. வீட்டில் எந்தப் பொருள் வாங்கினாலும், பயன்படுத்த ஆரம்பித்த தேதியை மார்க்கர் பேனாவால் அதன் மேலேயே எழுதி வைப்பேன். அட்டைப் பெட்டியைத் தூக்கி எறிய மாட்டேன். பல்பைக் கழற்றிப் பார்த்தேன். மாட்டி 14 மாதம். படிக்கட்டு விளக்கு தினமும் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை, ஐந்து மணி நேரம் எரியும். 14 மாதம் என்பது சுமார் 425 நாள். ஐந்தால் பெருக்கினால் 2,125 மணி நேரம். பெட்டியை எடுத்துப் பார்த்தேன். ஆயுள் 25,000 மணி நேரம் என்று போட்டிருந்தது. தினம் ஐந்து மணி நேரம் என்றால் அது பதின்மூன்றரை வருடத்துக்கு மேல் வரவேண்டும். உத்தரவாதம் எவ்வளவு என்று பார்த்தேன். ஒரு வருடம்.

பதின்மூன்று வருடம் எரியும் என்று சொல்பவன் ஒரு வருடத்துக்கு மட்டும் ஏன் பொறுப்பேற்கிறான்? பெண் பார்க்க வந்தவர்கள் "எங்க பையன் தங்கம், ஆனா ஒரு வருஷத்துக்கு மேல நாங்க ஜவாப்தாரி இல்லை" என்று சொன்னால் யாராவது பெண் கொடுப்பார்களா?

பல்பை எடுத்துக்கொண்டு பூந்தமல்லியில் எனக்குத் தெரிந்த ரேடியோ மெக்கானிக்கிடம் போனேன். நாற்பது வயது இருக்கும், என் மகன் வயது. அப்பாவுக்குப் பிறகு அதே கடையில் உட்கார்ந்திருக்கிறார். "ஐயா, இதுக்கெல்லாமா பஸ் ஏறி வருவீங்க? புதுசு நூறு ரூபாதானே" என்று சிரித்தார். "தம்பி, புதுசு வேண்டாம், இவன் எப்படிச் செத்தான்னு சொல்லு" என்றேன். மேலே இருந்த வெள்ளைக் குல்லாவைக் கழற்றினார். உள்ளே ஒரு அலுமினியத் தகட்டில் மஞ்சள் பொட்டுகளாக எல்இடிகள். ஒன்றில்கூடக் கருப்புப் புள்ளி இல்லை. அத்தனையும் நல்ல நிலையில் இருந்தன. அதன் அடியில், பல்பின் கழுத்துக்குள், தபால் தலை அளவு ஒரு சின்ன போர்டு. அதில் சுண்டுவிரல் நுனி பருமனுக்கு ஒரு கண்டன்சர். அதன் தலை உப்பியிருந்தது. மெக்கானிக் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். படித்தேன்: 4.7 மைக்ரோஃபாரட், 400 வோல்ட், 85 டிகிரி.

"விளக்கு சாகலை ஐயா. விளக்குக்குச் சோறு போடுறவன் செத்துட்டான்" என்றார் மெக்கானிக்.

அவர் சொன்னது எனக்கு வேறு ஒரு விதத்தில் சுருக்கென்றது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அதற்குப் பிறகும் எங்கள் வகுப்பில் பிரெஞ்சுதான். பௌதிகம் சொல்லிக்கொடுத்த முசியே வோல்டேஜை 'தான்சியோன்' என்பார். பிற்பாடு சென்னைக்கு வேலைக்கு வந்து, ஆபீசில் எல்லோரும் "டென்ஷன், டென்ஷன்" என்று சொல்வதைக் கேட்டு, இவர்களுக்கு எத்தனை வோல்ட் என்று கேட்கத் தோன்றும். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பொருளைப் பிரெஞ்சில் 'கோந்தான்சத்தேர்' என்போம். புத்தகத்தில் இன்று கெபாசிட்டர் என்று எழுதினாலும், நம் ஊர் ஃபேன் மெக்கானிக் இன்னும் "கண்டன்சர் போயிடுச்சு" என்றுதான் சொல்கிறார். அதனால் நானும் கண்டன்சர் என்றே எழுதுகிறேன். இந்த மாதிரி பவர் சப்ளைக்குப் பிரெஞ்சில் 'அலிமாந்தசியோன் ஆ தெகூப்பாஜ்' என்று பெயர். அலிமாந்தசியோன் என்றால் உணவூட்டுவது. தெகூப்பாஜ் என்றால் துண்டு போடுவது. வெட்டி வெட்டி ஊட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா தோசையைப் பிய்த்துப் பிய்த்துக் குழந்தை வாயில் வைப்பாளே, அதேதான்.

இது ஏன் வந்தது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தூர்தர்ஷன் வந்தது. அதன் பிறகு சாலிடேர், டயனோரா டிவி வாங்கிய வீட்டில் எல்லாம் பக்கத்தில் ஒரு ஸ்டெபிலைசர் பெட்டி இருந்தது நினைவிருக்கிறதா? வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நடுவில் 'டக், டக்' என்று அது சத்தம் போட்டால் வீடே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்து ரேடியோ, டேப் ரிக்கார்டருக்குள் இருந்த ரெகுலேட்டர் வேறு ஜாதி. 12 வோல்ட் வந்து 5 வோல்ட்தான் தேவை என்றால், மீதி 7 வோல்டை வெறும் சூடாக எரித்துத் தள்ளும். ஒரு ஆம்பியர் ஓடினால் ஏழு வாட் வீண். வெட்டி ஊட்டும் சர்க்யூட் அப்படி எரிப்பதில்லை. விநாடிக்குப் பல ஆயிரம் தடவை மின்சாரத்தைத் திறந்து மூடி, தேவையான அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளும். வரும் வோல்டேஜ் ஏறினால் திறக்கும் நேரத்தைக் குறைக்கும், இறங்கினால் கூட்டும். செல்போன் சார்ஜர், டிவி, கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் இதுதான். நமக்குப் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் சால்காம்ப் கம்பெனி இந்த மாதிரி சார்ஜர்களைத்தான் செய்து அனுப்புகிறது. நன்றாகச் செய்த சர்க்யூட், 150 வோல்ட் வந்தாலும் 260 வந்தாலும் ஒரே வெளிச்சம் கொடுக்கும். ஆகவே நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. ஸ்டெபிலைசரின் 'டக் டக்'கிலிருந்து நம்மை விடுவித்த மகராசன் இவன். என் சண்டை, இவனை அரைவயிற்றுக் கூலிக்கு வேலை வாங்குகிறவர்களோடு.

நான் இருக்கும் செம்பரம்பாக்கத்தில் இதை விளக்க ரொம்பத் தூரம் போகவேண்டாம். ஏரிக்கரைக்குப் போனால் போதும். மழை ஒரே சீராகப் பெய்வதில்லை. இரண்டு நாள் கொட்டும், பத்து நாள் காயும். ஆனால் சென்னைக்காரர் குழாயைத் திறந்தால் தினமும் தண்ணீர் வரவேண்டும். நடுவில் இருந்து சமாளிப்பது ஏரி. மதகு திறந்து மூடுகிறது. வெட்டி ஊட்டும் சர்க்யூட்டில் கண்டன்சர்தான் ஏரி, ஸ்விட்ச்தான் மதகு, தண்ணீர் திடீரென்று பாயாமல் நிதானப்படுத்தும் வாய்க்கால்தான் காயில். மதகு சரியாக இருந்து ஏரி தூர்ந்து போனால் என்ன ஆகும்? திறந்தால் வெள்ளம், மூடினால் வறட்சி. அதுதான் என் வீட்டுப் படிக்கட்டில் கண் சிமிட்டியது.

சரி, இதை ஒழுங்காகச் செய்ய என்ன கவனிக்கவேண்டும்? மெக்கானிக்கிடமும், பிரான்சில் எலக்ட்ரானிக்ஸ் வேலையில் இருக்கும் என் தங்கை மகனிடமும் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தவை இவை. பெரிய ரகசியம் எதுவும் இல்லை. இந்தத் துறையில் முதல் வருடம் வேலை செய்யும் பையனுக்கும் தெரிந்த விஷயங்கள்தான்.

முதலாவது, சூடு. இந்த வகைக் கண்டன்சருக்குள் ஈரமான ஒரு திரவம் இருக்கிறது. சூட்டில் அது மெல்ல மெல்ல உலர்ந்து போகும். அதனால் அதன் மேல் டிகிரி போட்டிருப்பார்கள். 85 டிகிரி, 2,000 மணி என்றால், அந்தச் சூட்டில் வைத்தால் 2,000 மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். ஒவ்வொரு பத்து டிகிரி குறைந்தாலும் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது இந்தத் தொழிலின் பொதுக் கணக்கு. மூடிய கண்ணாடிக் குடுவைக்குள், தலைகீழாகத் தொங்கும் பல்பின் கழுத்தில் 85 டிகிரி சாதாரணமாக வந்துவிடும் என்றார் மெக்கானிக். அப்படியானால் 2,000 மணிதான். என் பல்ப் 2,125 மணி எரிந்திருக்கிறது. அவன் கணக்கு தப்பவே இல்லை! அதே இடத்தில் 105 டிகிரி, 2,000 மணி கண்டன்சர் போட்டிருந்தால்? 105லிருந்து 85க்கு இருபது டிகிரி வித்தியாசம். இரண்டு தடவை இரட்டித்தால் 8,000 மணி. ஐந்து மணி நேர எரிப்பில் நான்கு வருடத்துக்கு மேல். இரண்டு கண்டன்சருக்கும் விலை வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டேன். "மொத்தமா வாங்கினா ரெண்டு ரூபா வருமான்னே தெரியலை ஐயா" என்றார்.

இங்கே என் பங்குத் தவறையும் சொல்லிவிடுகிறேன். மூடிய குடுவைக்குள் மாட்டக்கூடாது என்று பெட்டியின் அடியில் இங்கிலீஷில் எறும்பு அளவு எழுத்தில் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பிறகுதான் படித்தேன். 25,000 என்ற எண் மட்டும் கட்டை விரல் உயரத்துக்கு இருந்தது.

இரண்டாவது, வோல்டேஜுக்கு இடம் விட்டு வைப்பது. 230 வோல்ட் என்கிறோம், ஆனால் அலையின் உச்சியில் அது 325. கண்டன்சரில் நிறைவது அந்த உச்சிதான். எங்கள் வீடு கடைசிக் கம்பத்தில் இருக்கிறது. ஒரு மாதம் மீட்டர் வைத்து நோட்டில் எழுதினேன். சாயங்காலம் ஏழு மணிக்கு 205, பின்னிரவு இரண்டு மணிக்கு 256. கோடியில் இருக்கும் வீட்டில் இது சகஜம், யார் மேலும் குறை சொல்லவில்லை. ஒரு நாள் 280 வந்துவிட்டால் உச்சி 396. கண்டன்சரில் எழுதியிருப்பது 400. நான்கு வோல்ட்தான் மிச்சம்!

மறுபடி ஏரிக்கே வாருங்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டு அடையாற்றங்கரை என்ன ஆனது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதன் பிறகு 2020 நவம்பரில் நிவர் புயலின்போது 22 அடி வந்ததுமே திறந்தார்கள். 24 கொள்ளும் என்பதற்காக 24 வரை நிரப்பக்கூடாது என்பதை நாம் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டோம். பல்ப் செய்கிறவர்கள் மட்டும் 23 அடி 9 அங்குலம் வரை நிரப்பிவிட்டு, வானிலை நன்றாக இருக்கும் என்கிறார்கள்.

மூன்றாவது, இடிக்கும் வெள்ளத்துக்கும் கலிங்கு. மழைக் காற்றில் மரக்கிளை விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரை வரக்கூடும் என்பது இந்த வயதில் நம் எல்லோருக்கும் தெரியும். அத்தனையையும் ஒரு பல்ப் தாங்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் மின்னல் அடிக்கும்போது கம்பியில் வரும் கண நேர அலையை உறிஞ்ச, எம்ஓவி என்று புளியங்கொட்டை மாதிரி ஒரு சின்னப் பொருள் இருக்கிறது. அதிகமானால் தானே அறுந்து மற்றதைக் காப்பாற்றும் ஃப்யூஸ் ரெசிஸ்டர் ஒன்றும் உண்டு. என் பல்பின் போர்டில் எம்ஓவிக்கு இடம் அச்சடித்திருந்தது. துளைகூடப் போட்டிருந்தது. பொருள்தான் இல்லை. வரைந்தவர் ஒழுங்காகத்தான் வரைந்திருக்கிறார். பிறகு யாரோ பேனா எடுத்து அந்த வரியை அடித்திருக்கிறார். கோப்பில் நோட் போட்டு அடிக்கும் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும்.

நான்காவது, இரைச்சல். விநாடிக்குப் பல ஆயிரம் தடவை மின்சாரத்தை வெட்டினால் அது ரேடியோ அலையாகவும் கிளம்பும். வேகமாக ஓடும் மின்சாரத்தின் பாதையைப் போர்டில் சின்ன வட்டமாக வைக்கவேண்டும். உள்ளே வரும் கம்பியில் ஒரு சின்னக் காயில் போட்டு வடிகட்டவேண்டும். செய்யாவிட்டால்? நான் காலையில் கேட்கும் சென்னை ஏ, 720 கிலோஹெர்ட்ஸ். பழக்க தோஷத்தில் திருப்பும் புதுச்சேரி, 1215. படிக்கட்டு விளக்கைப் போட்டதும் இரண்டிலும் குளவி கத்தியது. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து செய்தி கேட்டிருக்கிறேன். ரேடியோ பழசாகிவிட்டது என்று மாதக்கணக்கில் ரேடியோவைத் திட்டினேன். பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை.

ஐந்தாவது, எல்இடிக்கு எத்தனை மின்சாரம் ஊட்டுவது என்பது. ஒரே பல்பிலிருந்து அதிக வெளிச்சம் காட்ட, சின்ன அலுமினியத்தில் எவ்வளவு திணிக்க முடியுமோ அவ்வளவு திணிக்கிறார்கள். கொஞ்சம் குறைத்து ஊட்டினால் வெளிச்சம் லேசாகக் குறையும், சூடு நன்றாகக் குறையும், ஆயுள் பல மடங்கு கூடும். முக்கால் வயிற்றோடு எழுந்திரு என்று நம் பாட்டிகள் சொன்ன வைத்தியம்தான்.

இப்போது சிலர் சொல்வார்கள்: "விலை மலிந்ததால்தானே ஏழை வீட்டிலும் எல்இடி எரிகிறது?" நியாயமான கேள்வி. இதற்கு என் சொந்த ஊரே சாட்சி. மத்திய அரசின் எல்இடி விநியோகம் 2014இல் முதலில் தொடங்கியது புதுச்சேரியில்தான். அப்போது அரசு நிறுவனம் கொள்முதல் செய்த விலை ஒரு பல்ப் 310 ரூபாய். ஜனங்களுக்கு 10 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். 2015 ஜனவரி 5 அன்று நாடு முழுக்கத் திட்டம் வந்தது. உஜாலா என்று பெயர். 2016இல் கொள்முதல் விலை 38 ரூபாய். இதுவரை 36 கோடிக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். குண்டு பல்ப் 60 வாட் தின்ற இடத்தில் 9 வாட் போதும் என்றானது. அந்தத் திட்டத்துக்கு நான் கை எடுத்துக் கும்பிடுகிறேன். அதிலும் மூன்று வருடம் பழுதானால் மாற்றித் தருவதாக இருந்தது, கவனியுங்கள். 38 ரூபாய்க்கு வாங்கிய பல்புக்கே மூன்று வருடப் பொறுப்பு கேட்டு வாங்க முடிந்ததென்றால், கடையில் நூறு ரூபாய் கொடுக்கும் எனக்கு ஏன் ஒரு வருடம்? அங்கே மொத்தமாக வாங்கியவர் கேட்டார். இங்கே தனியாக நிற்கும் நானும் நீங்களும் கேட்கவில்லை.

மலிவு வேறு, மட்டம் வேறு. எல்இடி சில்லு மலிந்தது விஞ்ஞானம். எம்ஓவி இருக்கவேண்டிய துளை காலியாக இருப்பது விஞ்ஞானம் இல்லை. வருடத்துக்கு ஒரு பல்ப் வாங்குகிற வீட்டுக்கு அது மலிவும் இல்லை. நான்கு வருடத்தில் நான்கு நூறு கொடுக்கிறான். 105 டிகிரி போட்டு 110க்கு விற்றால் ஒரே தடவை கொடுத்திருப்பான். பணக்காரன் நல்ல சரக்கை ஒரு தடவை வாங்குகிறான், ஏழை மட்டச் சரக்கைத் தவணையில் வாங்குகிறான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்கு இன்னொரு காரணம் உண்டு. இதை இதுவரை எழுதியதில்லை. தொண்ணூறுகளில் நான் ஸ்டோர்ஸ் செக்‌ஷனில் இருந்தேன். ஆபீஸ் முழுக்க டியூப்லைட்டுக்குச் செம்புக் கம்பி சோக்கை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் சோக் போட உத்தரவு வந்தது. அதுவும் இதே வெட்டி ஊட்டும் குடும்பம்தான். மூன்று பேர் விலைப்புள்ளி கொடுத்தார்கள். ஒப்பீட்டு அட்டவணையை என் கையால் எழுதினேன். அதிக விலை சொன்னவர் ஒரு பக்கம் கடிதம் வைத்திருந்தார்: உள்ளே 105 டிகிரி கண்டன்சர், வோல்டேஜ் அலைக்குப் பாதுகாப்பு, ஆகவே விலை கூடுதல் என்று. அட்டவணையில் அந்தக் கடிதத்துக்குக் கட்டம் கிடையாது. விலை, வரி, மொத்தம், தரவரிசை, அவ்வளவுதான். குறைந்த விலைக்காரருக்கு 'எல்-1' என்று எழுதினேன். மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் செத்த சோக்குகள் ஸ்டோர் ரூமில் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாகக் குவிந்தன. அவற்றைக் கழிவு என்று பதிவேட்டில் எழுதியதும் நான்தான். சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. தணிக்கையில் ஒரு கேள்வியும் வரவில்லை. ஆனால் அந்தக் கடிதம் எழுதியவர் பிறகு எங்கள் ஆபீசுக்கு விலைப்புள்ளியே அனுப்பவில்லை. நல்லதைச் செய்யத் தெரிந்த ஒருவரை நாங்கள் ஒரு கட்டம் இல்லாத குறையால் துரத்திவிட்டோம்.

அந்தக் கட்டம்தான் இன்றும் இல்லை. பெட்டியைப் பாருங்கள். ஆர் என்று தொடங்கும் பிஐஎஸ் பதிவு எண் இருக்கும். அது ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்ற பாதுகாப்புக்கு. நட்சத்திரம் இருக்கும். அது எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதற்கு. இரண்டும் வேண்டும், இரண்டும் நல்லது. 25,000 மணி என்பது பெரும்பாலும் எல்இடி சில்லு மங்கிப்போகும் காலத்தின் கணக்கு. அதுவும் 25 டிகிரி குளிர்ந்த சோதனைக் கூடத்தில். சித்திரை மாதத்தில் நம் ஊர்க் கூரைக்கடியில், கழுத்துக்குள் இருக்கும் அந்தத் தபால் தலை போர்டு எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல நான் வாங்கிய பெட்டியில் ஒரு வரிகூட இல்லை.

பிரெஞ்சு படித்ததால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம், அவர்கள் செய்தியை நேரடியாகப் படிக்க முடிவது. 2015 ஆகஸ்டில் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டது. ஒரு பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைத்து, மறுபடி வாங்கவைப்பது குற்றம். இரண்டு வருடம் வரை சிறை, மூன்று லட்சம் யூரோ வரை அபராதம். 2021 ஜனவரியில், டிவி, வாஷிங் மெஷின், செல்போன் போன்றவற்றுக்குப் பழுது பார்க்கும் வசதிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கடையிலேயே போடவேண்டும் என்ற விதி வந்தது. நம்மை ஆண்ட காலத்தில் பிரெஞ்சுக்காரன் செய்ததையெல்லாம் நான் மெச்சுகிறவன் இல்லை. ஆனால் இது நல்ல சட்டம். 1925 வாக்கில் ஐரோப்பிய, அமெரிக்க கம்பெனிகள் கூடிப் பேசி, குண்டு பல்பின் ஆயுளை 1,000 மணிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்ட கதை உண்டு. அந்தக் கூட்டணிக்கு ஃபீபஸ் என்று பெயர். பிரெஞ்சுக் கம்பெனியும் அதில் இருந்தது. திருந்த அவர்களுக்குத் தொண்ணூறு வருடம் ஆயிற்று. நாமும் 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கு மத்திய அரசின் இணையதளம் ஒன்றைத் திறந்திருக்கிறோம். நல்ல தொடக்கம். நூறு ரூபாய் பல்புவரைக்கும் அது இறங்கி வரவேண்டும்.

நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, கண்டன்சரின் டிகிரியையும் மணிக்கணக்கையும் பெட்டியின் முன்பக்கம், 25,000 போடும் அதே அளவு எழுத்தில், தமிழில் போடு. இரண்டு, ஆயுள் எத்தனை வருடம் என்கிறாயோ அதில் பாதிக்காவது உத்தரவாதம் கொடு. மூன்று, அரசாங்க டெண்டர் அட்டவணையில் எனக்குக் கிடைக்காத அந்தக் கட்டத்தைச் சேர்: ஐந்து வருடத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. விலைக்குப் பக்கத்தில் அந்த எண் இருந்தால் எந்த குமாஸ்தாவும் சரியான ஆளுக்கு எல்-1 எழுதுவான். நாங்கள் கெட்டவர்கள் இல்லை. கட்டத்தை நிரப்புகிறவர்கள்.

அதுவரை நாம் என்ன செய்யலாம்? மூடிய குடுவைக்குள் எல்இடி மாட்டாதீர்கள். மாட்டிய தேதியை எழுதுங்கள். பெட்டியையும் பில்லையும் வையுங்கள். உத்தரவாதத்துக்குள் போனால் வெட்கப்படாமல் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். "நூறு ரூபாய்க்கு வந்து நிக்கிறாரே" என்று கடைக்காரர் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். கண் சிமிட்டும் பல்பை அன்றைக்கே மாற்றுங்கள், நாளைக்கு என்று சொல்லாதீர்கள். ஆனால் நீங்களாக பல்பைத் திறக்கவேண்டாம். கழற்றிய பிறகும் கண்டன்சரில் 325 வோல்ட் தங்கி இருக்கலாம். தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

என் மெக்கானிக் அப்படித்தான் செய்தார். பழைய டிவி போர்டு ஒன்றிலிருந்து 105 டிகிரி கண்டன்சரை எடுத்துப் போட்டார். மின்சார அளவைத் தீர்மானிக்கும் இரண்டு சின்ன ரெசிஸ்டரில் ஒன்றை எடுத்துவிட்டார். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது. தொட்டுப் பார்த்தால் சூடே தெரியவில்லை. காசு வேண்டாம் என்றார். வற்புறுத்தி முப்பது ரூபாய் கொடுத்தேன். குடுவை இல்லாமல் அதே படிக்கட்டில் மாட்டினேன். கழுத்தில் பழைய தேதிக்குக் கீழே புதுத் தேதி எழுதியிருக்கிறேன்.

கட்டுப் பிரித்த பிறகு முதல் தடவை மாடிக்குப் போய்விட்டு இறங்கிய என் மனைவி, நின்று பல்பை அண்ணாந்து பார்த்தாள். "வெளிச்சம் கம்மியா இருக்கே, புதுசா?" என்றாள்.

"இல்லை, அதே பல்ப்தான். இப்பதான் வயிறார இல்லாம அளவா சாப்பிடுது" என்றேன்.

"உங்களுக்கும் டாக்டர் அதைத்தான் சொன்னார்" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கடைசி இரண்டு படியையும் எண்ணி இறங்கினாள்.